கடவை மணியின் கதை



வவுனியாவிலிருந்து மன்னாருக்குச் செல்லும் வீதியிலே பூவரசங்குளம் அமைந்திருக்கின்றது. எங்கள் ஊருக்குள் தண்டவாளம் இல்லை. ஆயினும், ஒருபுறம் யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் வட பாதையும், மறுபுறம் செட்டிகுளம், மடு வழியாகத் தலைமன்னாருக்குச் செல்லும் பாதையும் ஓடுகின்றன. நகருக்கோ, உறவினர் வீட்டுக்கோ, கோயில் திருவிழாவுக்கோ செல்லும் எங்கள் பிள்ளைகள் இவ்விரண்டில் ஒன்றை என்றாவது கடக்கவே நேரும். ஆகையால், வீதிப் பாதுகாப்பைப் பற்றி மாணவருக்குச் சொல்லும்பொழுது புகையிரதக் கடவையையும் சேர்த்துச் சொல்வது என் வழக்கம். அவ்வாறு ஒருநாள், "மணி அடித்தால் நிற்கவேண்டும், சிவப்பு விளக்கு எரிந்தால் நிற்கவேண்டும்" என்று சொல்லி முடித்தேன். ஏழாந் தர மாணவி ஒருத்தி எழுந்து, "அப்படியென்றால், மணி அடிக்காவிட்டால் போகலாந்தானே, சேர்?" என்று கேட்டாள்.

"போகலாம்" என்று சொல்ல வாயெடுத்தேன், ஆனால் சொல்லவில்லை. அந்தச் சிறுமியின் கேள்வி, சென்ற 150 ஆண்டுகளாகப் புகையிரதப் பொறியியலாளர்களின் உறக்கத்தைக் கெடுத்த கேள்வி என்பதைப் பின்னர் படித்து அறிந்தேன். நான் கலைப் பட்டதாரி, மின்னியல் கற்றவனல்லன். ஆயினும் இந்தக் கதை விளங்குவதற்குப் பெரிய விஞ்ஞான அறிவு வேண்டியதில்லை. ஆகவே அதனை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

முதன்முதலிற் கடவையைக் காத்தவன் மனிதனே. இங்கிலாந்திலே புகையிரதம் ஓடத் தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள், பொதுவீதியைத் தண்டவாளம் கடக்கும் இடங்களில் வாயிற்கதவு இடவேண்டும், அதனைத் திறந்து மூட ஆள் வைக்கவேண்டும் என்று 1839ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்தனர். 1864ஆம் ஆண்டின் இறுதியிற் கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை இலங்கையின் முதற் புகையிரதம் சென்றபோது, ஆங்கிலேயரின் இந்த வழக்கமும் அதனுடன் நம் நாட்டுக்கு வந்து சேர்ந்தது. கடவையருகே சிறு குடில், அதனுள் ஒரு காவலாளி, கையிலே பகலிற் கொடி, இரவில் விளக்கு: இக்காட்சியை முதியோர் பலர் கண்டிருப்பர்.

அமெரிக்காவின் நிலைமை வேறு. ஆயிரக்கணக்கான மைல் தூரம் வெறும் நிலத்தினூடாகத் தண்டவாளம் ஓடுகின்றது. வீதிக்கு வீதி கதவிட்டு ஆள் வைப்பதென்றால் எந்தக் கம்பனியாலும் இயலாது. ஆகவே பெரும்பாலான கடவைகளில் ஒரு பலகை மட்டுமே நின்றது. நகரங்களிலே, கூட்டம் மிகுந்த கடவைகளிலே காவலாளி நின்றான். இரவில் அவன் சிவப்பு விளக்கைக் கையிற் பிடித்து இடமும் வலமும் ஆட்டுவான். ஆடுகின்ற சிவப்பு விளக்கைக் கண்டால் நிற்கவேண்டும் என்பது புகையிரதத் தொழிலாளர் அனைவரும் அறிந்த குறிப்பு. இந்தக் கையசைவைச் சற்று நினைவில் வைத்திருங்கள். பின்னர் மீண்டும் இதனிடம் வருவோம்.

ஆள் இல்லாத இடத்தில், புகையிரதம் தன் வருகையைத் தானே அறிவிக்கச் செய்ய முடியாதா என்பதே அடுத்த கேள்வி. இதற்கு விடை தந்தவர் வில்லியம் றொபின்சன் என்னும் அமெரிக்கர். அவர் முதலில் எண்ணியது கடவையைப் பற்றியன்று. ஒரு புகையிரதத்தின் பின்னால் மற்றொன்று சென்று மோதாமற் காப்பதைப் பற்றி. 1870ஆம் ஆண்டளவில் அவர் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு கருவியை அமைத்தார். புகையிரதத்தின் சக்கரம் பாதையருகே உள்ள நெம்புகோலை அழுத்தும், மின்னோட்டம் பாயும், அபாயக் குறி தோன்றும். புகையிரதம் அப்பகுதியைத் தாண்டும்போது மற்றொரு நெம்புகோலை அழுத்தும், குறி மறையும். கேட்பதற்கு இது நன்றாகவே இருக்கின்றது. கருவியும் வேலை செய்தது.

ஆனால் றொபின்சனின் மனம் ஆறவில்லை. புகையிரதம் நடுவழியில் இரண்டாக அறுந்து, பின்பாதி பாதையிலேயே நின்றுவிட்டால் என்ன ஆகும்? முன்பாதி சென்று இரண்டாவது நெம்புகோலை அழுத்தும். பாதை வெறுமையாக இருப்பதாகக் குறி காட்டும். கம்பி அறுந்தால்? பற்றரியின் வலு தீர்ந்தால்? அபாயக் குறி தோன்றவே தோன்றாது. அதாவது, கருவி பழுதடைந்த வேளையிலெல்லாம் அது "அபாயமில்லை" என்று பொய் சொல்லும். நம்பி வருபவன் மாள்வான்.

ஆகவே அவர் முழு முறையையும் தலைகீழாக்கினார். 1872ஆம் ஆண்டில் அவர் காப்புரிமை பெற்ற முறை இதுதான். தண்டவாளத்தின் ஒரு பகுதியை மற்றப் பகுதிகளிலிருந்து மின்சாரம் கடத்தாத பொருளினாற் பிரித்துவிட வேண்டும். அப்பகுதியின் ஒரு முனையிலே பற்றரி ஒன்றும், மறுமுனையிலே மின்காந்தம் ஒன்றும் இருக்கும். பற்றரியிலிருந்து புறப்படும் மெல்லிய மின்னோட்டம் ஒரு தண்டவாளத்தின் வழியே சென்று, மின்காந்தத்தைச் சுற்றி, மற்றத் தண்டவாளத்தின் வழியே திரும்பும். பாதை வெறுமையாக இருக்கும் வரை இந்த ஓட்டம் இரவும் பகலும் ஓயாது நிகழும். மின்காந்தம் ஒரு சிறு இரும்புத் துண்டை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கும். புகையிரதம் அப்பகுதிக்குள் நுழைந்ததும், அதன் சக்கரங்களும் அச்சும் இரு தண்டவாளங்களையும் இணைத்துவிடுகின்றன. மின்சாரம் குறுக்குவழியே திரும்பிவிடுகின்றது, மின்காந்தம் வலுவிழக்கின்றது, இரும்புத் துண்டு விழுகின்றது, அபாயக் குறி தோன்றுகின்றது. ஒரேயொரு பெட்டி பாதையில் நின்றாலும் குறி தோன்றியபடியே இருக்கும். பற்றரி வலுவிழந்தாலும், கம்பி அறுந்தாலும், தண்டவாளமே முறிந்து பிளந்தாலும் இரும்புத் துண்டு விழும். அபாயக் குறியே தோன்றும்.

வன்னியிலே நெல் விளையும் காலத்தில் இரவுக் காவல் இருப்பதை எங்கள் மாணவர் அறிவர். பரணிலும் கொட்டிலிலும் இருக்கும் கமக்காரர் இடையிடையே ஒருவரையொருவர் கூவி அழைப்பர். மறுகுரல் கேட்கும் வரை நலம். குரல் கேட்காவிட்டால், "உறங்கிவிட்டானோ, யானை வந்ததோ, பாம்பு தீண்டியதோ" என்று பந்தத்தை எடுத்துக்கொண்டு ஓடுவர். "ஆபத்து வந்தாற் கூவு" என்பது றொபின்சனின் முதல் முறை. "நலமாயிருக்கும் வரை கூவிக்கொண்டே இரு, குரல் நின்றால் ஆபத்தென்று கொள்வோம்" என்பது இரண்டாவது முறை. இரண்டிற்கும் உள்ள வேறுபாடு உயிருக்கும் சாவுக்கும் உள்ள வேறுபாடாகும்.

இந்தத் தண்டவாள மின்சுற்றே பின்னர் கடவை மணிகளுக்கும் அடிப்படையாயிற்று. புகையிரதம் குறித்த தூரத்துக்கு வந்ததும் கடவையில் மின்மணி தானாக ஒலித்தது. மாட்டு வண்டிக்கும் குதிரை வண்டிக்கும் அது போதுமானதாய் இருந்தது. ஆனால் இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் மோட்டார் வண்டி வந்துவிட்டது. 1908ஆம் ஆண்டில் ஹென்றி போர்ட்டின் மலிவான கார் சந்தைக்கு வந்தபின் அமெரிக்க வீதிகள் அவற்றால் நிறைந்தன. தன் இயந்திரத்தின் இரைச்சலில் மூழ்கியிருக்கும் சாரதிக்கு மணியோசை எவ்வாறு கேட்கும்? காதுக்குச் சொன்னது போதாது, கண்ணுக்கும் சொல்லவேண்டியதாயிற்று.

தென் கலிபோர்னியாவிலே பசிபிக் மின்சாரப் புகையிரதக் கம்பனியில் அல்பேட் ஹன்ற் என்னும் பொறியியலாளர் இருந்தார். 1909ஆம் ஆண்டில் அவர் ஒரு கருவியைச் செய்தார். கம்பத்திலிருந்து ஒரு வட்டத்தகடு தொங்கும். அதன் நடுவிலே சிவப்பு விளக்கு இருக்கும். புகையிரதம் நெருங்கியதும் மின்காந்தங்கள் அத்தகட்டை இருபுறமும் மாறிமாறி இழுக்க, அது ஊஞ்சல்போல் ஆடும்; கூடவே மணியும் ஒலிக்கும். சற்றுமுன் நினைவில் வைத்திருக்கச் சொன்ன கையசைவு இதுவே. காவலாளியின் கையும் விளக்கும் இயந்திரமாக மாறிக் கம்பத்தில் ஏறிவிட்டன. 1913ஆம் ஆண்டளவில் நியூ ஜேர்சி மாநிலத்திலே மற்றொரு முறை தோன்றியது. இரு சிவப்பு விளக்குகளைப் பக்கத்திற் பக்கமாக வைத்து, மாறிமாறி ஒளிரச் செய்தனர். தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு ஒரே விளக்கு இடமும் வலமும் ஆடுவதுபோலத் தோன்றும். அசையும் உறுப்பு இல்லாத காரணத்தால் இதிற் பழுதும் குறைவு. இன்று கடவைகளிற் கண்சிமிட்டும் இரட்டைச் சிவப்பு விளக்கும் அந்தப் பழைய காவலாளியின் கையசைவே என்பதை எத்தனை பேர் அறிவர்?

ஆனால் ஹன்றின் ஆடும் தகட்டில் ஒரு குறை இருந்தது. மின்சாரம் நின்றுவிட்டால் அது அசையாது தொங்கும். புகையிரதம் வராத வேளையிலும் அது அப்படியேதான் தொங்கும். இரண்டையும் பார்த்து வேறுபாடு காண வழியில்லை. தண்டவாளத்திலே றொபின்சன் பெற்ற வெற்றி, கம்பத்தின் உச்சிக்கு வந்ததும் குறைபட்டுப் போயிற்று. எங்கள் மாணவி கேட்ட கேள்வியும் இவ்விடத்திலேதான் நிற்கின்றது. மின்சாரம் தடைப்படினும் விளக்கும் மணியும் இயங்குவதற்காகக் கடவையருகே பற்றரிகளை வைத்தனர். சுவீடன் நாட்டிலோ, புகையிரதம் வராத வேளையிற் கடவையில் வெண்விளக்கு ஒன்று கண்சிமிட்டும்படி செய்திருக்கின்றனர். அதன் பொருள் "கருவி விழித்திருக்கின்றது" என்பது. வெண்ணொளியும் இல்லை, சிவப்பொளியும் இல்லை என்றால் அங்கே கருவியை நம்பக்கூடாது.

இதற்கு நேர்மாறான குறையும் ஒன்றுண்டு. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் வரும் புகையிரதம் 30 விநாடியில் ஏறத்தாழ 830 மீற்றர் ஓடிவிடும். ஆகவே 30 விநாடி எச்சரிக்கை தரவேண்டுமாயின், அத்தனை தூரத்துக்கு அப்பாலேயே மணி தொடங்கவேண்டும். அதே பாதையிற் சரக்கு வண்டி ஒன்று 20 கிலோமீற்றர் வேகத்தில் ஊர்ந்து வந்தால், கடவையை அடைய இரண்டரை நிமிடம் செல்லும். வீதியில் நிற்பவன் ஒரு நிமிடம் பொறுப்பான். பிறகு எட்டிப் பார்ப்பான். "ஒன்றையும் காணவில்லையே" என்று கடந்துவிடுவான். நாளைக்கு விரைவு வண்டி வரும்போதும் அவ்வாறே செய்வான். புகையிரதத்தின் வேகத்தை அளந்து, அதற்கேற்ற நேரத்தில் மணியைத் தொடக்கும் கருவியை அமெரிக்கர் 1960களிலே பயன்படுத்தத் தொடங்கியமைக்கு இதுவே காரணம். பழுதுற்ற மணி ஓயாது ஒலிப்பதும் இதையொத்ததே. நான் அறிந்த ஒரு கடவையிலே ஒருமுறை மணி காலை முதல் மாலை வரை அடித்துக்கொண்டிருந்தது. முற்பகலில் எல்லோரும் நின்றனர். பிற்பகலில் ஒருவரும் நிற்கவில்லை. பொய் சொல்லாமலிருக்கும்படி படைக்கப்பட்ட கருவியையும், திருத்தாது விட்டால் ஊரார் பொய்யனாக்கி விடுவர்.

பிரித்தானியர் தம் பழைய கதவுகளை விட்டுத் தானியங்கும் அரைத்தடுப்புக்கு மாறியது 1961ஆம் ஆண்டிலாகும். ஏழு ஆண்டுகள் செல்லுமுன், 1968 ஜனவரி 6ஆம் நாள், ஸ்ராபோர்ட்சயர் மாவட்டத்து ஹிக்சன் என்னும் இடத்திலே பெருவிபத்து நேர்ந்தது. 120 தொன் நிறையுள்ள மின்மாற்றி ஒன்றை ஏற்றிய, 148 அடி நீளமான பார வண்டி, மணிக்கு 2 மைல் வேகத்திற் கடவையை மெல்லக் கடந்துகொண்டிருந்தது. அவ்வண்டி தன் நீளத்தைக் கடக்கவே ஏறத்தாழ ஒரு நிமிடம் வேண்டும். கருவி தந்த எச்சரிக்கையோ 24 விநாடி. மான்செஸ்ரரிலிருந்து இலண்டன் நோக்கி வந்த கடுகதி வண்டி மோதியதிற் பதினொருவர் மாண்டனர். கருவியில் எந்தப் பழுதும் இல்லை. அது தன் கடமையைச் சரியாகவே செய்தது. மெதுவாகச் செல்லும் பெருவண்டிகள் முதலிற் புகையிரதப் பகுதியினருக்குத் தொலைபேசியில் அறிவித்து அனுமதி பெறவேண்டும் என்பது விதி. தொலைபேசியும் கடவையருகே இருந்தது. சாரதியோ, கூடச் சென்ற பொலிசாரோ அதனை எடுக்கவில்லை. பழைய காவலாளி நின்றிருந்தால், வண்டியின் நீளத்தைக் கண்ட மாத்திரத்திலே கொடியை எடுத்துக்கொண்டு தண்டவாளத்தின் வழியே ஓடியிருப்பான். இயந்திரம் அவனுடைய கையைப் பெற்றது. அவனுடைய கண்ணைப் பெறவில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1905ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கும், 1914ஆம் ஆண்டில் தலைமன்னாருக்கும் பாதை திறக்கப்பட்டது. 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. அக்காலத்தில் வன்னிக் கிராமங்களுக்குப் புகையிரதமே கடிகாரம். எந்த வண்டி எப்போது வரும் என்பது மாடு மேய்க்கும் சிறுவனுக்கும் தெரியும். 1990ஆம் ஆண்டிலே போர் காரணமாக வவுனியாவுக்கு வடக்கேயும் மன்னார்ப் பாதையிலும் சேவை நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. பாதை கிடந்த மேட்டிலே மக்கள் நடந்தனர், துவிச்சக்கர வண்டி ஓட்டினர், பற்றை வளர்ந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்நிலை நீடித்தது. 2011இல் ஓமந்தைக்கும், 2013இல் மடுவுக்கும் கிளிநொச்சிக்கும், 2014இல் யாழ்ப்பாணத்துக்கும், 2015இல் தலைமன்னாருக்கும் புகையிரதம் மீண்டும் வந்தது. நாம் எல்லோரும் கைதட்டி வரவேற்றோம். ஆனால் ஒன்றை மறந்துவிட்டோம். புகையிரதம் திரும்பி வந்தது. அதனைக் கேட்டுப் பழகிய காது திரும்பி வரவில்லை. இடையிற் பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறை, தண்டவாளத்தை அஞ்சவேண்டும் என்பதைத் தாய் தந்தையரிடம் கற்கும் வாய்ப்பே பெறவில்லை. வந்த வண்டியும் பழைய வண்டியன்று. புதிய பாதையிலே முன்னிலும் விரைவாக வந்தது.

புதிய பாதையிற் சில கடவைகளில் மணியும் விளக்கும் தடுப்பும் அமைந்தன. சிலவற்றில் மூங்கிற் கழியைத் தடுப்பாகக் கொண்டு காவலாளர் நின்றனர். சிலவற்றில் அறிவிப்புப் பலகை மட்டுமே இருந்தது. 2018 செப்ரெம்பரில் ஓமந்தைக்கு அண்மையிலே பன்றிக்கெய்தகுளத்திற் கார் ஒன்று புகையிரதத்தில் அகப்பட்டு, அதிற் சென்றோர் மாண்டனர். 2019 ஜூனிற் கிளிநொச்சி மாவட்டத்துக் கடவையொன்றில் இராணுவ வாகனம் மோதுண்டு படைவீரர் பலர் உயிரிழந்தனர். தடுப்பு இருந்தால் எல்லாம் நலமாகிவிடும் என்றும் சொல்வதற்கில்லை. 2005 ஏப்பிரலிற் பொல்காவலைக்கு அருகே யாங்கல்மோதரைக் கடவையிலே, மூடியிருந்த வேளையிற் கடக்க முயன்ற பஸ் வண்டியைப் புகையிரதம் மோதி, முப்பத்தைந்து பேருக்கும் அதிகமானோர் இறந்தனர்.

மூங்கிற் கழியுடன் நின்ற காவலாளரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்கள் பொலிசாரின் மேற்பார்வையில், நாளொன்றுக்கு 250 ரூபாக் கொடுப்பனவுடன் ஆண்டுக்கணக்கிற் பணிபுரிந்தனர்; நிரந்தர நியமனம் கேட்டுப் பலமுறை போராடினர். ஒரு பஸ் வண்டி நிறைந்த மக்களின் உயிரை ஒப்படைத்திருக்கும் கைக்கு நாம் வைத்த விலை அது. மனிதனும் இயந்திரத்தைப் போன்றவனே. பசியோடும் களைப்போடும் நிற்பவன் ஒருநாள் தவறுவான். அந்தத் தவறு நேரும்போது அதனைத் தாங்கிக்கொள்ள மற்றொரு காப்பு இருத்தல் வேண்டும். 2025 ஜூலை 8ஆம் நாள் தமிழ்நாட்டிலே கடலூருக்கு அருகே செம்மங்குப்பத்திற் பாடசாலை வாகனம் ஒன்று புகையிரதத்தில் மோதுண்டு மாணவர் மூவர் இறந்தனர். அது ஆள் இல்லாத கடவையன்று. வாயிலும் காவலாளியும் இருந்த கடவை. ஆனால் அந்த வாயில் புகையிரதச் சமிக்ஞையோடு பிணைக்கப்படவில்லை. பிணைக்கப்பட்டிருப்பின், வாயிலை மூடிப் பூட்டினாலன்றிப் புகையிரதத்துக்குப் பச்சை விளக்குக் கிடைக்காது. காவலாளி மறந்தால் புகையிரதம் நிற்கும், பிள்ளைகள் சாகமாட்டார்கள். 1872இல் றொபின்சன் கண்ட உண்மையும் இதுவே: தவறு நேராமற் செய்ய முடியாது, நேரும் தவறு உயிரைக் கொல்லாதபடி செய்ய முடியும்.

அச்செய்தியைப் படித்த அன்று எங்கள் மாணவியின் கேள்வி மீண்டும் என் நினைவுக்கு வந்தது. அன்று வகுப்பிலே நான் சொன்ன விடையை உங்களுக்கும் சொல்லி முடிக்கின்றேன். "பிள்ளை, கடவை மணிக்கு ஒரேயொரு சொல் மட்டுமே தெரியும். அது 'நில்' என்னும் சொல். 'போ' என்று சொல்ல அதற்குத் தெரியாது. வீதிச் சந்தியிலே பச்சை விளக்கு உண்டு. கடவையிற் பச்சை விளக்கு உண்டா? இல்லை. மணி அடித்தால் நில். மணி அடிக்காவிட்டாலும் நின்று, இருபுறமும் பார்த்து, காதுகொடுத்துக் கேட்டுவிட்டுப் போ. ஒரு வண்டி சென்றதும் உடனே பாயாதே, மறுதிசையிலும் பார்."

அவள் தலையசைத்துவிட்டு அமர்ந்தாள். பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன், "அப்படியென்றால் மணி எதற்கு, சேர்?" என்றான். நல்ல கேள்வி. ஒருநாள் நாம் பார்க்க மறப்போம். அந்த ஒருநாளுக்காக மணி. மற்றொருநாள் மணி மௌனமாகும். அந்த ஒருநாளுக்காக நம் கண். இரண்டும் ஒரே நாளில் உறங்காதிருந்தாற் போதும். கண்ணை விழிப்பாக வைத்திருக்கப் பழக்குவது பெற்றோரும் ஆசிரியருமாகிய எங்கள் கடமை. மணியைப் பழுதின்றி வைத்திருப்பதும், மணியில்லாக் கடவைகளுக்கு மணி கொடுப்பதும், காவல் நிற்பவனுக்கு அவன் காக்கும் உயிர்களுக்கேற்ற மதிப்பைக் கொடுப்பதும் ஆள்வோரின் கடமை. "பதறாத காரியம் சிதறாது" என்பது நம் முன்னோர் சொன்ன பழமொழி. தண்டவாளத்தின் முன் நாம் நிற்கவேண்டிய நேரம் சில நிமிடமே. அந்தச் சில நிமிடத்தைக் கொடுக்க நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்போம்.